அடுத்த டாக்டர் போடப்போகும் கோட் பற்றி, சக ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிபிசியின் டாக்டர் ஹூ தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்களுக்கு,

வணக்கம். என் அப்பா தையல்காரர். கடையில் யாராவது புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் விறைப்பாக நின்றால் அவர் எதுவும் சொல்ல மாட்டார். "கொஞ்சம் உக்காருங்க. கையத் தூக்குங்க. வாசல் வரைக்கும் நடந்துட்டு வாங்க" என்பார். தோள்பட்டை சரியா, கக்கத்தில் பிடிக்கிறதா, கை நீளம் போதுமா என்ற பேச்சே அப்புறம்தான் தொடங்கும். நின்றபடி பார்த்துச் சொல்லும் எந்தக் கருத்தையும் அவர் காதில் வாங்கியதில்லை. உங்களுக்கு எழுத உட்கார்ந்தபோது அவர் நினைவுதான் முதலில் வந்தது.

2025 மே 31 அன்று, காலத்தில் பயணிக்கும் 'டாக்டர்' என்ற வேற்றுக்கிரகவாசியாக நடித்துவந்த ஷூட்டி காட்வாவின் முகம் ஒளியில் கரைந்து, அந்த இடத்தில் நடிகை பில்லி பைப்பரின் முகம் தெரிந்தது. அவர் யாராக வந்திருக்கிறார் என்பதைக்கூடத் தொடர் அன்று சொல்லவில்லை. நமக்கு அது போதுமானதாக இருந்தது. அடுத்த டாக்டர் யார், அவர் நீளக் கோட் போடுவாரா, குட்டைக் கோட்டா, தொப்பி உண்டா, கழுத்தில் என்ன இருக்கும் என்று பேச ஆரம்பித்துவிட்டோம்.

இந்தப் பேச்சு எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1963 நவம்பர் 23 அன்று முதல் டாக்டராக வில்லியம் ஹார்ட்னெல் அந்தப் பழங்காலக் கறுப்புக் கோட்டுடன் திரையில் வந்தபோது, இந்தப் பாத்திரம் அறுபது ஆண்டுகளைத் தாண்டும் என்று யார் நினைத்திருப்பார்கள்? 1966-இல் ஹார்ட்னெல் விலகியதும், டாக்டர் சாகாமல் உடலை மாற்றிக்கொள்வார் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். இரண்டாவது டாக்டராகப் பேட்ரிக் ட்ரௌட்டன் வந்தார். முகம், குரல், உயரம், வயது எல்லாமே மாறிவிடும் ஒருவரை நாம் எதை வைத்து அறிமுகம் செய்துகொள்வது? நடிகர் ஒரு வசனம் பேசுவதற்குப் பல மாதம் முன்பே நம் கைக்குக் கிடைப்பது அவருடைய உடைதான். அதனால் ஊகிக்கிறோம். அதில் ஒரு தப்பும் இல்லை.

நான் கேட்பது இதுதான். ஒரு புகைப்படத்தில் கோட்டைப் பார்த்துவிட்டு, அதைப் போட்டிருக்கும் ஆளுக்குத் தீர்ப்பு எழுதிவிடுகிறோமே, அதை அடுத்த முறையாவது விட்டுவிடுவோம்.

நானும் அதைச் செய்தவள்தான். 2009 ஜூலை 20 அன்று, பதினோராவது டாக்டராக வந்த மேட் ஸ்மித்தின் படப்பிடிப்பு தொடங்கியது. கார்டிஃபுக்கு அருகே சதர்ன்டவுன் கடற்கரையில் ரசிகர்கள் எடுத்த படங்களும், பிபிசி வெளியிட்ட அதிகாரபூர்வப் படமும் வந்து சேர்ந்தன. ட்வீட் துணியில் ஒரு பழைய ஜாக்கெட், போ டை, சுருட்டிவிட்ட கால்சட்டை, பூட்ஸ். அவருக்கு முன் டாக்டராக இருந்த டேவிட் டென்னன்ட்டின் கோடு போட்ட சூட்டிலும், ஓடும்போது பின்னால் விரியும் நீளக் கோட்டிலும் மனதைக் கொடுத்துவிட்ட எனக்கு அந்தப் படம் பெரிய ஏமாற்றமாக இருந்தது. இருபத்தாறு வயதுப் பையனுக்கு ஓய்வுபெற்ற வாத்தியாரின் உடையைக் கொடுத்துவிட்டார்களே என்று நினைத்தேன். எழுதியும் வைத்தேன். இந்த ஆள் ஓராண்டு தாங்க மாட்டார் என்றுகூட எழுதினேன்.

2010 ஏப்ரல் 3 அன்று முதல் அத்தியாயம் வந்தது. அதில் பெரும்பகுதி அவர் அந்த உடையில் இல்லவே இல்லை. டென்னன்ட் விட்டுப்போன கிழிந்த சட்டையும் டையுமாகத்தான் ஓடுகிறார். கடைசியில் ஒரு மருத்துவமனையில் யாரோ கழற்றி வைத்த துணிகளை எடுத்து மாட்டுகிறார், கழுத்தில் நாலைந்து டைகளைத் தொங்கவிட்டபடி மொட்டைமாடிக்குப் போகிறார், வேற்றுக்கிரகத்தாரிடம் பேசிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கழற்றி எறிகிறார். இதற்கு முன் இருந்த பத்து டாக்டர்களின் முகங்களும் காற்றில் வரிசையாகத் தெரிகின்றன. டென்னன்ட்டின் முகத்தைக் கிழித்துக்கொண்டு போ டையுடன் அவர் முன்னால் வரும்போது, நான் ஒன்பது மாதமாகத் திட்டிய அதே ஜாக்கெட் அவர் உடம்பில் வேறு துணியாக இருந்தது. நீளமான கைகால்கள், எங்கே வைப்பது என்று தெரியாத ஒரு நடை, குழந்தையின் அவசரம், கிழவரின் கண்கள். அத்தனைக்கும் அந்த வாத்தியார் ஜாக்கெட்தான் பொருந்தியது. போ டை ஸ்மித் விரும்பித் தேர்ந்தெடுத்தது. எழுத்தாளர் ஸ்டீவன் மொஃபாட்டே முதலில் தயங்கியிருக்கிறார். அவர் தயங்கிய இடத்தில் நான் ஒரு படத்தைப் பார்த்து முடிவே எழுதிவிட்டேன்.

இந்தத் தொடரின் நல்ல உடைகள் பிறந்த விதத்தைப் பார்த்தால், அவற்றை யாரும் முன்கூட்டியே ஊகித்திருக்க முடியாது என்று தெரியும். நான்காவது டாக்டர் டாம் பேக்கரின் கழுத்துத் துணியை எடுத்துக்கொள்ளுங்கள். 1974-இல் உடை வடிவமைப்பாளர் ஜேம்ஸ் அச்சிசன், ஒரு ஸ்கார்ஃப் பின்னச் சொல்லி, தேவைக்கு மேல் பல நிறக் கம்பளி நூல்களைப் பின்னல்காரரிடம் கொடுத்தார். அந்த அம்மாள் கொடுத்த நூல் எல்லாவற்றையும் பின்னி முடித்துவிட்டார். வந்து சேர்ந்தது தரையில் இழுபடும் ஒரு ஸ்கார்ஃப். வேறு யாராக இருந்தாலும் பாதியை வெட்டியிருப்பார்கள். டாம் பேக்கர் அதைச் சுற்றிக்கொண்டார், அதில் தடுக்கினார், அதையே கயிறாகவும் ஆக்கினார். ஏழு ஆண்டு டாக்டராக இருந்தார், கடைசி ஆண்டில் நிறம் மாறினாலும் நீள ஸ்கார்ஃப் அவரை விட்டுப் போகவில்லை. பிபிசி பின்னல் குறிப்பை அச்சடித்துக் கேட்டவர்களுக்கு அனுப்பும் அளவுக்கு அது வீடுகளுக்குள் போனது. அச்சிசன் பின்னாளில் மூன்று ஆஸ்கர் வாங்கியவர். அப்படிப்பட்டவரின் பெயரை நம்மில் பலர் இன்றும் சொல்வது, அளவு தவறி நீண்டுபோன அந்தப் பின்னலுக்காகத்தான்.

அந்த ஸ்கார்ஃபுக்கு நேர்ந்த முடிவும் எனக்கு மிகப் பிடித்த காட்சி. 1982-இல் புதிதாக வந்த பீட்டர் டேவிசன், டாக்டரின் கால இயந்திரமான டார்டிஸின் தாழ்வாரங்களில் தள்ளாடி நடந்தபடியே அதைப் பிரித்துக்கொண்டு போகிறார். நூல் வழியெல்லாம் கிடக்கிறது. பழையவரின் அடையாளத்தைக் கையாலேயே அவிழ்த்துவிட்டுத்தான் புதியவர் தன் உடைக்கு வருகிறார். துணியோடு வளர்ந்தவளுக்கு அந்தக் காட்சி எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப்பாருங்கள்.

டேவிசனுக்குக் கிரிக்கெட் உடை. கோட்டின் மடிப்பில் ஒரு செலரித் தண்டு. இரண்டு ஆண்டுக்கு மேல் அது ஏன் அங்கே இருக்கிறது என்று யாரும் விளக்கவில்லை. 1984-இல், அவருடைய கடைசிக் கதையில்தான் காரணம் வந்தது: சில வகை வாயுக்கள் அவருக்கு ஒவ்வாது, அவை அருகில் இருந்தால் தண்டு ஊதா நிறமாகிவிடும். அந்தக் கதையிலேயே தோழியைக் காப்பாற்றுவதற்காக அவர் விஷத்தால் உயிர் போகும் நிலைக்கு வந்து உருமாறுகிறார்.

இப்போது நான் சொல்ல வந்த ஆளுக்கு வருகிறேன்: காலின் பேக்கர்.

1984-இல் அவர் ஆறாவது டாக்டராக வந்தபோது கறுப்பு உடை வேண்டும் என்று கேட்டார். இருண்ட, முரட்டுத்தனமான, மெல்ல மெல்ல மனம் திறக்கும் ஒரு டாக்டரை அவர் மனதில் வைத்திருந்தார். தயாரிப்பாளர் ஜான் நேதன்-டர்னருக்கு வேண்டியிருந்தது ரசனையே இல்லாத உடை. வடிவமைப்பாளர் பேட் காட்ஃப்ரி வரைந்து காட்டியவை போதிய அளவு மோசமாக இல்லை என்று திரும்பி வந்தன. முடிவில் வந்தது எல்லோருக்கும் தெரிந்த அந்தக் கோட். பச்சை, சிவப்பு, மஞ்சள், இளஞ்சிவப்பு என்று ஒட்டுப்போட்டது, ஒவ்வொரு ஒட்டும் வேறு நெசவு. கீழே மஞ்சள் கோடு போட்ட கால்சட்டை, பச்சைக் காலணி, அதன்மேல் செம்மஞ்சள் நிற உறை. மடிப்பில் ஒரு பூனை பேட்ஜ். அது மட்டும் அவர் விருப்பத்துக்கு வந்தது.

ஒரு தையல்காரர் மகளாகச் சொல்கிறேன், அந்தக் கோட் சாதாரண வேலை இல்லை. பட்டுத் துணியையும் கம்பளியையும் பருத்தியையும் ஒரே தோளில் சேர்த்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக இழுக்கும். அதைச் சுருக்கம் விழாமல் நிறுத்தியவர்களுக்கு நல்ல கை இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் கோட்டுக்குள் ஒரு நடிகர் நின்று, கோபம், துக்கம், பயம் எல்லாவற்றையும் காட்ட வேண்டியிருந்தது. பார்ப்பவர் கண் அவர் முகத்துக்குப் போவதற்கு முன்பே கோட்டில் பத்து இடத்தில் தடுக்கி நின்றது.

1985 பிப்ரவரியில், தொடரைப் பதினெட்டு மாதம் நிறுத்திவைப்பதாக அறிவித்தார்கள். 1986 இறுதியில் காலின் பேக்கர் நீக்கப்பட்டார். உருமாறும் காட்சிக்கு மட்டும் வந்துவிட்டுப் போகச் சொன்னதை அவர் மறுத்துவிட்டார். 1987-இல் அடுத்த டாக்டரான சில்வெஸ்டர் மெக்காய்தான் சுருட்டைப் பொன்னிற விக் வைத்துக்கொண்டு, அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு தரையில் கிடந்தார். கதைகளில் இருந்த வன்முறை, பிபிசி மேலிடத்தின் வெறுப்பு என்று வேறு காரணங்களும் உண்டு. எல்லாவற்றையும் கோட்டின் தலையில் கட்ட மாட்டேன். ஆனால் ஆறாவது டாக்டர் என்று சொன்னதும் எத்தனை பேர் கோட்டைப் பற்றிப் பேசினோம், எத்தனை பேர் அவர் குரலைப் பற்றிப் பேசினோம்?

அந்தக் குரலை நாம் கேட்டது பதின்மூன்று ஆண்டு கழித்து. 1999-இல் பிக் ஃபினிஷ் நிறுவனம் டாக்டர் ஹூ ஒலி நாடகங்களை வெளியிடத் தொடங்கியது. டேவிசனும் மெக்காயும் காலின் பேக்கரும் முதல் நாடகத்திலேயே வந்தார்கள். ஒலி நாடகத்தில் கோட் தெரியாது. தெரியாதபோது, அகந்தையும் இரக்கமும் ஒன்றாகக் கலந்த, தன் தவறை ஒப்புக்கொள்ளத் தடுமாறும், அபாரமான சொல்வளம் உள்ள ஒரு டாக்டர் அங்கே இருந்தது எல்லோருக்கும் கேட்டது. தொலைக்காட்சியில் அவரை வெறுத்தவர்கள் பலர் ஒலியில் அவரைக் கொண்டாடினார்கள். 2002-இல் வந்த ஓர் இணைய அசைபடக் கதையில் அவருக்கு நீல உடை வரைந்தார்கள். அவர் கேட்டதற்கு அது கொஞ்சம் பக்கத்தில் வந்தது.

'ஆள் பாதி ஆடை பாதி' என்கிறோம். காலின் பேக்கருக்கு நாம் ஆளின் பாதியைத் தரவே இல்லை. இந்த மடலை எழுத எனக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

அப்புறம் 2017. ஜூலை 16 அன்று, விம்பிள்டன் ஆண்கள் இறுதியாட்டம் முடிந்த கையோடு, காட்டுப் பாதையில் தலையை மூடிய ஒருவர் நடந்துபோகும் சிறு காணொளியை பிபிசி போட்டது. தலையுறை விலகியதும் ஜோடி விட்டேக்கர். முதல் பெண் டாக்டர். அந்தக் காணொளியில் இருந்த கறுப்புக் கோட்தான் அவர் உடை என்று பலர் முடிவுசெய்து அலசினார்கள். பாவாடையா, கால்சட்டையா, குதிகால் உயர்ந்த செருப்பா என்று தொடங்கிய பேச்சு கொஞ்ச நேரத்தில் துணியை விட்டு உடம்புக்குப் போய்விட்டது. அங்கே நடந்த பேச்சுக்கு ஊகம் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. டென்னன்ட்டின் இடுப்பளவை யாரும் அப்படிப் பேசியதில்லை.

நவம்பர் 9 அன்று உண்மையான உடை வந்தது. வெளிர் ஊதா கலந்த சாம்பல் நிறக் கோட், மார்பின் குறுக்கே வானவில் கோடுகள் ஓடும் கருநீல டீ-ஷர்ட், கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடும் நீலப்பச்சைக் கால்சட்டை, தோளில் மாட்டும் மஞ்சள் பட்டைகள், பழுப்பு பூட்ஸ். வடிவமைத்தவர் ரே ஹோல்மன். மேட் ஸ்மித்தின் ஜாக்கெட்டும் அவருடையதுதான். கால்சட்டையும் பட்டையும் பூட்ஸுமாக ஒரு பெண் நடந்துபோகும் பழைய கறுப்பு-வெள்ளைப் படத்தை விட்டேக்கர் அவரிடம் காட்டியிருக்கிறார். கோமாளி உடை, குழந்தைகள் நிகழ்ச்சி உடை என்றெல்லாம் அன்றே எழுதினார்கள்.

நான் 2009-ஐ நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். படத்தை அப்பாவிடம் காட்டினேன். அவருக்கு இந்தத் தொடர் தெரியாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "இந்தப் பொண்ணு இதுல ஓடணுமா?" என்றார். ஆமாம், நிறைய ஓடுவார் என்றேன். "அப்ப பேன்ட்ட சரியாத்தான் நிறுத்தியிருக்காங்க. கீழ அகலம் குடுத்து, நீளத்தக் குறைச்சிருக்காங்க. கால் தடுக்காது" என்றார். நாம் நாள் முழுக்கக் கேலி செய்த கால்சட்டையைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான்.

அவர் அதில் ஓடினார். 2018 அக்டோபர் 7 அன்று ஷெஃபீல்டில் தொடங்கிய முதல் கதையில், முந்தைய டாக்டர் பீட்டர் கபால்டியின் கிழிந்த சூட்டோடுதான் விழுந்தார். பாக்கெட்டில் கையை விட்டுப்பார்த்து, காலியாக இருக்கிறதே, காலிப் பாக்கெட் என்றால் எனக்குப் பிடிக்காது என்று சலித்துக்கொண்டார். கதை முடியும்போது பழைய துணிகள் விற்கும் ஓர் அறக்கட்டளைக் கடைக்குள் போய், தனக்குப் பிடித்ததைத் தானே எடுத்துக்கொண்டு வந்தார். உடையை அவர் தேர்ந்தெடுக்கும் அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு எல்லாமே விளங்கிவிட்டது. பதினோரு மாதம் முன்பு ஒரு படத்தில் அது எப்படி விளங்கியிருக்கும்?

நம்முடைய இந்தப் பழக்கத்துக்குத் தொடர் விலை கொடுத்ததும் நடந்திருக்கிறது. புது டாக்டர் பழையவரின் உடையில்தான் முதலில் எழுவார், அது பொருந்தாமல் தொங்கும், அதிலிருந்து தன் உடையைத் தேடிப்போவார். ட்ரௌட்டன் காலத்தில் உடையும் சேர்ந்தே மாறியது உண்டு, மற்றபடி இது பழைய வழக்கம். 2022 அக்டோபர் 23 அன்று விட்டேக்கரின் டாக்டர் மறுபடி டென்னன்ட்டாக மாறியபோது உடையும் சேர்ந்து மாறிவிட்டது. விட்டேக்கரின் உடையில் டென்னன்ட் நிற்கும் ஒரு படம் கேலிப்பொருளாகிவிடும் என்று தொடரின் எழுத்தாளர் ரஸ்ஸல் டி டேவிஸ் அஞ்சினார், அதை வெளிப்படையாகச் சொன்னார். பத்திரிகைகளை மனதில் வைத்துச் சொன்னார் என்பது சரி. ஆனால் அந்த அச்சத்தில் நமக்குப் பங்கே இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு படம் வெளியே போனால் என்ன ஆகும் என்பதை அவர் நம்மிடமிருந்தும்தானே தெரிந்துகொண்டிருப்பார்?

காட்வா வந்தபோது வடிவமைப்பாளர் பேம் டௌன் அவருக்கு ஒரே உடை என்று எதையும் தரவில்லை. ஒரு கிளப்பில் கில்ட் என்ற ஸ்காட்லாந்துப் பாவாடை கட்டி ஆடினார். 1963-ஆம் ஆண்டுக்குப் போன கதையில் அந்தக் காலத்துக் கோடு போட்ட சூட்டில் வந்தார். அடுத்தது தோல் கோட், அடுத்தது வேறொன்று. இவருக்கு அடையாளமே இல்லை என்ற குறை நிறையக் கேட்டது. டாக்டரைப் போலவே உடுத்திப் பார்க்கும் காஸ்ப்ளே செய்பவர்கள் எதைத் தைப்பது என்று தவித்ததை நான் புரிந்துகொள்கிறேன், எனக்கும் அந்தத் தவிப்பு இருந்தது. ஆனால் ஒரு கறுப்பின நடிகர் விரும்பிய உடையில் எல்லாம் தன்னம்பிக்கையோடு நின்றபோது, குறை சொன்ன சிலருடைய பேச்சு துணியோடு நிற்கவில்லை. உடை என்று தொடங்கி, நிறத்தைப் பற்றியும் அவர் உடம்பை அசைக்கும் விதத்தைப் பற்றியும் பேசினார்கள். பக்கத்தில் இருந்த நாம் உடையைப் பற்றித்தானே பேசுகிறார்கள் என்று விட்டுவிட்டோம். அடுத்த முறை விடக் கூடாது. துணியைப் பற்றிப் பேச ஆயிரம் இருக்கிறது: நிறம், நெசவு, பட்டன், மடிப்பு, எந்தக் காலத்து வெட்டு, முந்தைய டாக்டர்களில் யாரை நினைவூட்டுகிறது. விடிய விடியப் பேசலாம். பேச்சு தோலுக்கும் மார்புக்கும் வயதுக்கும் நழுவும்போது, நம் வட்டத்தில் இருப்பவர் வாயை நாம்தான் அடக்க வேண்டும்.

படப்பிடிப்புத் தெருக்களில் காத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் கொண்டுவரும் படங்களை நானும் ஆவலாகப் பார்த்திருக்கிறேன், அதனால் போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் நடிகர் குளிருக்கு மேலே போட்டிருக்கும் போர்வையும், ஒப்பனை பாதியில் இருக்கும் முகமும், ஒத்திகைக்குப் போட்ட சட்டையும் உடை இல்லை. அவற்றை வெளியிடாதீர்கள். ட்ரையல் அறைத் திரையை யாரும் விலக்கிப் பார்க்க மாட்டோம் அல்லவா?

அடுத்தவரின் படம் ஒருநாள் வரும். அன்று ஊகங்களை எல்லாம் கொட்டுவோம், சண்டையும் போடுவோம். ஆளைப் பற்றிய முடிவை மட்டும் அவர் அந்த உடையில் முதல் தாழ்வாரத்தில் ஓடித் திரும்பும் வரை தள்ளிவைப்போம். நான் அப்படித்தான் செய்யப்போகிறேன். உங்களில் எத்தனை பேர் கூட வருவீர்கள் என்று தெரியவில்லை, வந்தால் மகிழ்வேன்.

என் ஊகத்தையும் எழுதிவிடுகிறேன். ஒரே நிறத்தில் கனமான கோட், முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே. உள்ளே எதிர்பாராத நிறத்தில் லைனிங், ஓடும்போது மட்டும் தெரியும்படி. கழுத்தில் ஒன்றும் இருக்காது. பாக்கெட்டுகள் முழங்கை வரை கை போகும் ஆழத்தில் இருக்கும், முதல் காட்சியில் அவர் அதில் எதையோ தேடுவார்.

அன்புடன்,
2009-இல் மேட் ஸ்மித்தைத் தப்பாக எடைபோட்ட ஒரு ரசிகை